மைனஸ் ஜே வந்த வழி

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்தார். பிழையைத் திருத்தியாகிவிட்டது, திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் விட்டுப்போயிற்று. அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அந்த வார இறுதியிலேயே எழுதிய கருவிதான் ‘மேக்’. எது எதைச் சார்ந்தது என்று மேக்ஃபைலில் எழுதிவிட்டால், மாறியதை மட்டும் அது கட்டித் தரும்.

அந்தச் சார்புப் பட்டியலுக்குள் இன்னொரு வரமும் இருந்தது. ஒன்றையொன்று சாராதவற்றை ஒரே நேரத்தில் கட்டலாம். குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கிய ஸ்டால்மனும் ரோலண்ட் மெக்ராத்தும் எழுதிய குனூ மேக்கில் ‘மைனஸ் ஜே 4’ என்று கொடுத்தால் நான்கு வேலைகள் சேர்ந்தே ஓடும். ஒரு மேக் இன்னொரு மேக்கை அழைத்து, ஆளுக்கு நான்கு என்று கிளம்பினால் கணினி திணறிப்போகும் அல்லவா? அதற்காக ஒரு பைப்பில் டோக்கன்களைப் போட்டுவைத்தார்கள். கூடுதல் வேலை தொடங்குமுன் ஒரு டோக்கன் எடுக்க வேண்டும், முடிந்ததும் திருப்பிப் போட வேண்டும். எனக்கு மிகப் பிடித்த எளிய ஏற்பாடு இது.

ஆனால் வேகம் ப்ராசஸர் கோர்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எங்கள் மணப்பாறை முறுக்குக்கு இரண்டு வேக்காடு. ஒரு ஈடு ஆறும்போது அடுத்த ஈட்டைப் பிழியலாம். ஆறாததை இரண்டாவது முறை எண்ணெயில் போட, எத்தனை ஆள் இருந்தாலும் முடியாது. பல மேக்ஃபைல்களில் இந்த ‘ஆறியபின்’ என்ற வரியே எழுதப்படவில்லை. வரிசையாக ஓடியவரை தற்செயலாகத் தப்பித்தன. மைனஸ் ஜே வந்ததும், ஹெடர் கோப்பு உருவாகுமுன்பே அதைக் கேட்கும் கோப்பு கம்பைலுக்குப் போய், பில்டு சில நாள் விழும், சில நாள் ஓடும்.

அதனால்தான் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில், இப்படி ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் இணை பில்டு, விரும்பும் பேக்கேஜுக்கு மட்டும் என்று நெடுநாள் இருந்தது. பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவியின் பத்தாம் இணக்க நிலையில்தான் அது இயல்பானது. ஒத்துவராத பேக்கேஜ் வெளிப்படையாக விலகிக்கொள்ளலாம். டெபியனை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் ஏறி எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது.

அந்தப் பிள்ளைகளில் இன்று பேக்கேஜ் கட்டுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2022-ல் வந்த குனூ மேக் 4.4-ல் ‘ஷஃபிள்’ என்ற விருப்பம் உண்டு. வேலைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து, எழுதாமல் விட்ட சார்புகளைக் காட்டிக்கொடுக்கும். முதலில் அதைப் பல தடவை ஓட்டி, விழுந்த இடங்களில் சார்பை எழுதிச் சேருங்கள். ஜே எண்ணை அப்புறம் ஏற்றுங்கள்.