பனி வருமா, வராதா? கணினிகள் தடுமாறிய கதை

2000ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, திங்கட்கிழமை. அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள வட கரோலினா மாநிலத்தின் தலைநகர் ராலி. பெரிய பனிப்புயல் வரப்போகிறது என்று முந்தைய நாள்வரை அந்நகர மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடலோரமாக உருவாகும் புயல் கரைக்கு வராமல் அட்லாண்டிக் பெருங்கடல் பக்கம் விலகிவிடும் என்றே கணினிகள் காட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் ராலி விமான நிலையத்தில் அளந்தபோது பனியின் அளவு 20.3 அங்குலம், அதாவது 51 சென்டிமீட்டருக்கும் மேல். அந்த நகரின் வரலாற்றில் ஒரே புயலில் அவ்வளவு பனி கொட்டியதில்லை. ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாக 15 சென்டிமீட்டர் அளவே பனி காணும் ஊர் அது. தலைநகர் வாஷிங்டனில்கூட 25ஆம் தேதி மத்திய அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஜனவரி மாதத்தில்தான் அமெரிக்க தேசிய வானிலைச் சேவை தனது புதிய அதிவேகக் கணினியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. அவ்வளவு பெரிய கணினி இருந்தும் இவ்வளவு பெரிய புயல் எப்படித் தப்பியது? இந்தக் கேள்விக்கான பதிலில் வானிலை அறிவியலின் அரை நூற்றாண்டு வரலாறே அடங்கியிருக்கிறது.

தெற்கில் பனி ஏன் அரிது?

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலப் பனி சாதாரணம். தென் மாநிலங்களில் அப்படி இல்லை. அங்கே பனி விழ வேண்டுமானால் இரண்டு காற்றுகள் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும். ஒன்று, கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று. மற்றொன்று, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறும் ஈரக்காற்று. குளிர் முந்திக்கொண்டால் வானம் வறண்டுவிடும். ஈரம் முந்திக்கொண்டால் மழையாகிவிடும்.

சந்தித்தாலும் சிக்கல் தீராது. புயல் சற்று உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தால் பனி மழையாக மாறும். சற்றுக் கடல் பக்கம் நகர்ந்தால் எதுவுமே விழாது. தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பாகை வெப்பம் கூடினாலும், மெல்லிய பனிக்குப் பதில் சாலையில் உறையும் மழை பெய்யும். வடக்கே 50 கிலோமீட்டர் பிழை பெரிய பிழை அல்ல. தெற்கே அது எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

கணினி மாதிரியின் பிறப்பு

வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்பது 1950ஆம் ஆண்டில் நிரூபணமானது. ஜூல் சார்னி, ஜான் வான் நியூமன் முதலியோர் அடங்கிய குழு, எனியாக் என்ற கணினியில் முதல் முன்னறிவிப்பைத் தயாரித்தது. 24 மணி நேர வானிலையைக் கணக்கிட அந்தக் கணினிக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது. ஆனாலும் வழி திறந்துவிட்டது.

அந்த வழியில் ஒரு பள்ளம் இருப்பதை 1961ஆம் ஆண்டில் எட்வர்ட் லோரன்ஸ் கண்டார். தன் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். அந்தச் சிறு வேறுபாடு வளர்ந்து, முடிவில் முற்றிலும் வேறொரு வானிலையைத் தந்தது. தொடக்கத்தில் கடுகளவு பிழை இருந்தாலும் சில நாட்களில் அது மலையாகிவிடும் என்பதை 1963ஆம் ஆண்டில் அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

இதற்கு மாற்று மருந்தாக வந்ததே தொகுப்பு முன்னறிவிப்பு. ஒரே கணக்கை ஒரு முறை போடாமல், தொடக்க எண்களைச் சற்றே மாற்றிப் பல முறை போடுவது. விடைகள் ஒன்றுபோல வந்தால் நம்பிக்கை கூடும். சிதறினால் சந்தேகம் கூடும். அமெரிக்க மையமும் ஐரோப்பிய மையமும் 1992ஆம் ஆண்டு டிசம்பரில் இந்த முறையை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தன.

வெற்றியும் தோல்வியும்

அடுத்த மூன்றே மாதத்தில் மாபெரும் சோதனை வந்தது. 1993ஆம் ஆண்டு மார்ச் 12 முதல் 14 வரை வீசிய அந்தப் புயலை அமெரிக்கர்கள் 'நூற்றாண்டின் புயல்' என்றே அழைக்கிறார்கள். அதன் கடுமையைக் கணினிகள் ஐந்து நாட்களுக்கு முன்பே காட்டின. பனி விழும் முன்பே சில மாநிலங்கள் அவசரநிலை அறிவித்தன. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் 33 சென்டிமீட்டர் பனி கொட்டியது. வானிலை அறிவியலின் பெரும் வெற்றி என்று அது இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் அந்த வெற்றியிலும் ஓர் ஓட்டை இருந்தது. மெக்சிகோ வளைகுடாவில் புயல் எவ்வளவு வேகமாக வலுவடையும் என்பதைக் கணினிகள் குறைத்து மதிப்பிட்டன. புளோரிடாவின் மேற்குக் கரையில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தபோது பலர் உறக்கத்தில் இருந்தார்கள். பனியைச் சரியாகச் சொன்ன அதே முன்னறிவிப்பு, கடலைத் தவறவிட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து ராலியில் நடந்தது அதற்கு நேர்மாறு. பிறகு நடந்த ஆய்வுகள் சில காரணங்களைக் காட்டின. புயல் உருவாகும் முன்பு அலபாமா, ஜார்ஜியா பகுதிகளில் பெய்த மழையைக் கணினிகள் சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை. நீராவி மழைத்துளியாக மாறும்போது வெளிப்படும் வெப்பம் புயலுக்கு உரமாகும். அந்த உரம் கணக்கில் விடுபட்டதால் புயலின் வலுவும் பாதையும் பிழையாயின. லோரன்ஸ் சொன்ன கடுகளவு பிழைகளும் வேகமாக வளர்ந்தன.

இன்னொரு பாடமும் உண்டு. அன்று முக்கிய அமெரிக்க மாதிரிகள் எல்லாம் புயல் கடலுக்குப் போகும் என்றே காட்டின. பத்துப் பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதில்லை. பத்துப் பேரும் ஒரே தவற்றைச் செய்திருக்கலாம்.

ஆர்வலர்களின் வாக்குவாதம்

அமெரிக்க அரசின் மாதிரி ஒவ்வொரு நாளும் நான்கு முறை புதிய முடிவை வெளியிடுகிறது. அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய மாதிரியின் தகவல்கள் நீண்ட காலம் பெரும்பாலும் கட்டணத்துக்கே கிடைத்தன. தென் மாநிலங்களில் பனி அறிகுறி தெரிந்தால் போதும், வானிலை ஆர்வலர்கள் உறக்கம் துறந்து ஒவ்வொரு முடிவுக்கும் காத்திருப்பார்கள். அமெரிக்க மாதிரி புயலைக் கிழக்கே தள்ளிவிடும் என்பார் ஒருவர். ஐரோப்பிய மாதிரி மட்டும் எப்போதும் சரியா என்பார் மற்றவர்.

இந்த வாதத்தில் அறிவும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு ஒரு முறை பனி காணும் ஊரில், அதிகப் பனி காட்டும் படத்தையே மனம் நாடும். மாறாக, பொறுப்பில் இருக்கும் அதிகாரியின் மனம் குறைந்த பனி காட்டும் படத்தை நாடலாம். பள்ளியை மூடுவது, சாலைக்கு உப்புத் தூவுவது எல்லாம் செலவல்லவா? இரண்டுமே ஒரே நோயின் இரு முகங்கள்.

ஆறரை சென்டிமீட்டர் தந்த பாடம்

2014ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரில் விழுந்தது வெறும் 6.6 சென்டிமீட்டர் பனி. அதிக பாதிப்பு நகரின் தெற்கே இருக்கும் என்று முதலில் கருதப்பட்டது. அன்று விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே எச்சரிக்கை அட்லாண்டாவுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் பள்ளிகளும் அலுவலகங்களும் காலையில் வழக்கம்போல் திறந்தன. பனி விழத் தொடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் உறைந்தன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பள்ளியிலும் பேருந்திலும் இரவைக் கழித்தார்கள். புயல் எதிர்பாராதது என்று முதலில் சொன்ன ஆளுநர் நேதன் டீல், பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரியில் மீண்டும் புயல் வந்தது. இந்த முறை மக்கள் முன்கூட்டியே வீட்டில் இருந்துகொண்டார்கள். அட்லாண்டா சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்த இரண்டு வாரத்தில் கணினி மாறவில்லை, மனிதர்கள் மாறியிருந்தார்கள்.

2025ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாக் கரையிலேயே பனி கொட்டியது. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 20 சென்டிமீட்டர். அந்நகரம் 1895ஆம் ஆண்டுக்குப் பிறகு அப்படிக் கண்டதில்லை. லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடும் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. பனி விழும் முன்பே ஆளுநர்கள் அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிகள் மூடப்பட்டன, ஹூஸ்டன் விமான நிலையங்கள் சேவையை நிறுத்தின.

'புலி வருது, புலி வருது' என்று கூவினால் ஒரு நாள் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குத் தீர்வு வாய்மூடி இருப்பதல்ல. 'பத்தில் நான்கு பங்கு வாய்ப்பு உண்டு, வந்தால் கடுமையாக இருக்கும்' என்று சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்வதே தீர்வு. மாதிரிகள் முரண்படும்போது எது சரி என்று பந்தயம் கட்டுவதைவிட, தவறினால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்பதே பொறுப்பு. வராத பனிக்காக ஒரு நாள் பள்ளியை மூடியதை ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடும். பேருந்தில் இரவைக் கழித்த பிள்ளை மறக்காது.