நிரூபிக்க முடியாதது பொய்யா?

எம்மில் பலரைப் போல நானும் ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் பதிலின்றி நின்றிருக்கிறேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்டார். வீட்டோடு எரிந்துவிட்டது என்றேன். அவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி இட்டார். அந்த ‘இல்லை’யின் பொருளைப் பல வருடங்களின் பின் கணனி வரலாற்றைப் படித்தபோதே விளங்கிக்கொண்டேன்.

1972இல் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கொல்மரோவரும் பிலிப் ரூசெலும் புரோலொக் என்ற கணனி மொழியை உருவாக்கினர். அதன் தர்க்க அடிப்படையில் ரொபேர்ட் கொவால்ஸ்கிக்குப் பெரும் பங்குண்டு. வழமையான கணனி மொழிகளில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கட்டளையிடுவோம். இங்கோ தகவல்களையும் விதிகளையும் எழுதிவைத்தால் போதும். ‘கமலா ராணியின் தாய், ராணி சுதாவின் தாய்’ என்பவை தகவல்கள். ‘தாயின் தாய் அம்மம்மா’ என்பது விதி. சுதாவின் அம்மம்மா யார் என்று கேட்டால் கமலா என்று கணனியே கண்டறியும். 1980களில் இதே வழியில் தரவுத்தளங்களை வினவும் டேட்டாலொக் பெயர்பெற்றது.

சரி, ராணிக்குச் சகோதரி உண்டா? பதிவில் இல்லை, ஆகவே ‘இல்லை’ என்பதே விடை. 1978இல் றேமண்ட் றைற்றர் இதனை மூடிய உலக எடுகோளாக வரையறுத்தார். அதே ஆண்டில் கீத் கிளார்க், நிரூபிக்கத் தவறுவதையே மறுப்பாகக் கொள்ளும் முறையை ஆராய்ந்தார். ரயில் அட்டவணைக்கு இது பொருந்தும்: அதில் இல்லாத ரயில் ஓடாது. மனிதருக்குப் பொருந்துமா?

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மரெக் செர்கொட், பரிபா சத்ரி, கொவால்ஸ்கி உள்ளிட்ட அறுவர் 1981ஆம் ஆண்டின் பிரித்தானியப் பிரஜாவுரிமைச் சட்டத்தையே தர்க்க விதிகளாக எழுதி, 1986இல் கட்டுரையாக வெளியிட்டனர். அச்சட்டத்தில் ஒரு பிரிவு கவனத்துக்குரியது. பிரித்தானியாவில் கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் சிசு, மாறாக நிரூபிக்கப்படாதவரை, அங்கேயே உரிமையுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகவே கருதப்படும். இங்கே நிரூபணமின்மை பிள்ளையின் பக்கம் நிற்கிறது.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இதற்கு நேரெதிர். தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. பதிவுகளற்ற மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் இதனை எவ்வாறு நிரூபிப்பது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். பிரித்தானியாவிலும், கரிபியனிலிருந்து பல தசாப்தங்களுக்கு முன் முறைப்படி வந்து குடியேறியோர் பத்திரமில்லாததால் வேலை இழந்ததும் நாடுகடத்தப்பட்டதும் 2018இல் அம்பலமானது.

இவற்றுக்குக் கணனியைக் குறைகூற முடியாது. 1948இல் கணனி எங்கே இருந்தது? ‘தெரியாது’ என்பதை ‘இல்லை’ என்று வாசிப்பதா, ‘ஆம்’ என்று வாசிப்பதா என்பதைத் தீர்மானித்தவர்கள் சட்டம் எழுதிய மனிதர்களே. விதிகளை வெளிப்படையாக எழுதிவைக்கும் தர்க்க மொழி, அந்தத் தீர்மானம் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்பதையேனும் காட்டித் தருகிறது. எமது வாதம் அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும்.