குரங்கணி – கொழுக்குமலை மலையேற்றப் பாதை

குரங்கணி – கொழுக்குமலை மலையேற்றப் பாதை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு வடமேற்கே மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் அமைந்துள்ள ஒரு நடைபாதை ஆகும். மலையடிவாரச் சிற்றூரான குரங்கணியிலிருந்து ஏறி, உச்சியிலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பகுதியில் கூடாரமிட்டு ஓர் இரவு தங்கி, மறுநாள் இறங்குவது இப்பாதையில் நடந்தோரின் வழக்கமாக இருந்தது. 2018 மார்ச் 11 அன்று நிகழ்ந்த காட்டுத்தீயில் இச்சரிவில் 23 பேர் உயிரிழந்தனர்.

அமைவிடம்

குரங்கணி, போடிநாயக்கனூரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ளது. வைகையின் துணையாறுகளுள் ஒன்றான கொட்டக்குடி ஆறு இவ்வூரை ஒட்டிப் பாய்கின்றது. ஊருக்கு மேலுள்ள சரிவுகளில் ஏலம், காப்பி, மிளகு பயிரிடப்படுகின்றன. முதுவர் எனப்படும் பழங்குடியினரின் குடியிருப்புகளும் இங்குள்ளன.

குரங்கணியிலிருந்து மேலேறும் பாதைகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கும், மற்றொன்று கொழுக்குமலைக்கும் செல்கின்றன. கொழுக்குமலை கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இது தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், வண்டியில் செல்வோர் கேரளத்தின் சூரியநெல்லி சென்று, அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து நேராகச் செல்லக் கால்நடை ஒன்றே வழி.

வரலாறு

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயர்களைக் கேட்போர் அங்கே தொடர்வண்டி நிலையம் இருக்கும் என எண்ணக்கூடும். அது முழுவதும் தவறும் அன்று. 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. 1908-ல் அது இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் இதன்வழி டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பிவட ஊர்தி மூலம் அடிவாரத்திலுள்ள கொட்டக்குடிக்கு இறக்கப்பட்டன. பின்னர் மாட்டுவண்டிகளில் போடிக்குச் சென்றன. கொட்டக்குடிக்குப் 'பாட்டம் ஸ்டேஷன்' என்ற பெயரும் வழங்கியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மலைமேலிருந்த இருப்புப்பாதை அழிந்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டி வந்ததோ அதற்குப் பின், 1928-ல்தான்.

இருப்புப்பாதை அழிந்த பின்னும் மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளரும் இச்சரிவுகளில் நடந்தே வந்தனர். அவர்களுக்கு இவை வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் வழிகள். பொழுதுபோக்கு மலையேற்றம் பிற்காலத்தது. 2010-ல் வெளியான 'மைனா' திரைப்படம் குரங்கணிப் பகுதியில் படமாக்கப்பட்ட பின்னர் இவ்வூர் வெளியாருக்கு மேலும் அறிமுகமானது.

இரவுத் தங்கல்

கொழுக்குமலையில் தங்குவோரின் முதன்மை நோக்கம் சூரிய உதயத்தைக் காண்பதே. கிழக்கே போடிச் சமவெளி முழுவதும் மேகத்தால் மூடியிருக்க, அதற்கு மேலே கதிரவன் எழுவதை இங்கிருந்து காணலாம். குரங்கணியிலிருந்து ஏறுவதற்குப் பகற்பொழுதின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகவே நடந்து வருவோர் விடியலைக் காண வேண்டுமெனில் இரவு மேலே தங்காமல் இயலாது.

இவ்வேற்பாட்டில் பலர் கருதாத ஓர் இடர் உண்டு. விடியலைக் கண்டு, உண்டு, கூடாரத்தைப் பிரித்துப் புறப்படுவோர், வெயில் உச்சத்தை அடையும் வேளையில் நடுச்சரிவில் இருப்பர். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தையே மிகுதியாக நனைக்கிறது. கிழக்குச் சரிவு மழைமறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரம் வளரும் புல், பிப்ரவரி முதல் காய்ந்து நிற்கும். மலைத்தீ மேல்நோக்கி விரைந்து பரவும் இயல்புடையது. கீழிருந்து எழும் வெப்பக்காற்று மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். செங்குத்தான புற்சரிவில் நிற்பவரால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஏறி ஓட முடியாது.

2018 காட்டுத்தீ

2018 மார்ச் 10 அன்று சென்னையிலிருந்து வந்த குழுவினர் குரங்கணி வழியாக ஏறிக் கொழுக்குமலையில் இரவு தங்கினர். இக்குழுவில் பெண்களே மிகுதி. மறுநாள் இவர்களும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்த மற்றொரு குழுவினரும் குரங்கணி நோக்கி இறங்கியபோது பிற்பகலில் தீயில் சிக்கினர். பள்ளங்களில் விழுந்தவர்களும் உண்டு. முதலில் உதவிக்குச் சென்றவர்கள் உள்ளூர் மக்களே; காயமுற்றோரைத் துணியில் கிடத்தி இருளில் சுமந்து இறக்கினர். பின்னர் இந்திய வான்படையின் உலங்கூர்திகளும் மீட்பில் ஈடுபட்டன. பலர் மருத்துவமனைகளில் சில நாட்கள், சில வாரங்கள் கழித்து இறந்தனர்.

டாப் ஸ்டேஷன் பாதைக்கு மட்டுமே அனுமதி பெறப்பட்டதாக வனத்துறைத் தரப்பில் கூறப்பட்டது. அரசு, மூத்த இந்திய ஆட்சிப்பணி அலுவலரான அதுல்ய மிஸ்ராவை விசாரணை அலுவலராக நியமித்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் உருவாக்கப்பட்டன.

இன்றைய நிலை

தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் முன்னனுமதியின்றி மலையேறுவது குற்றமாகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. குரங்கணி – சாம்பலாறு பாதை அவற்றுள் ஒன்று. உள்ளூர் வழிகாட்டிகளுடன், பகலிலேயே சென்று திரும்பும் வகையில் இந்நடை அமைந்துள்ளது. தீப்பருவத்தை முன்னிட்டு 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இத்திட்டத்தின் மலையேற்றங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன.