பறவைக்குக் கிடைத்த விடுதலை

பட்டுக்குப் பேர்போன ஆரணியிலே மூக்குக்கும் மதிப்பு உண்டு. அரிசி மண்டியில் கைப்பிடி அரிசியை அள்ளி முகர்ந்து, பழையதா புதியதா என்று நொடியில் கூறிவிடுவார் அனுபவம் மிக்க வணிகர். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கும் பட்டறை எது என்பதை, தெருமுனையில் நிற்கும்போதே மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். அத்தனை நம்பிக்கைக்குரிய மூக்கு, மனிதனை முற்றிலும் கைவிட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. நம் வீட்டுக் கொல்லையில், நம் தெரு நடுவில், மூடிபோட்டு மறைத்து வைத்திருக்கிறோம் அந்த இடத்தை.

கல்லூரியில் படித்த நாளில் ஒரு காட்சி கண்டேன். ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டி திறக்கப்பட்டது. துப்புரவு செய்ய வந்தவர் தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போட்டார், எரிந்தவாறே விழுந்தது. "கெட்ட காற்று இல்லை" என்றார், இறங்கினார். நல்லவேளையாக ஏறியும் வந்தார். நான் என்ன செய்தேன்? கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்! பட்டம் பெறப்போகிறவன், அந்தத் தீக்குச்சி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எனக்குத் தெரியாது.

தீக்குச்சியின் கதை பழைய கதை. 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டனர், சிறுவர்களும் அவர்களுள் அடக்கம். அதன் பின்னரே, 1815இல், ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் கம்பிவலையால் சுடரை மூடிய விளக்கை அமைத்தார். சுடர் உயர்ந்தால் எரிவாயு. மங்கினால் உயிர்வளி குறைவு. வலை ஏன்? திறந்த சுடர் சுரங்கத்தையே வெடிக்கச் செய்யும் என்பதால்! நம் ஊர்த் தொட்டியில் விழுந்ததோ வலையற்ற தீக்குச்சி. அதாவது, 1815க்கும் முந்திய அறிவு. மீத்தேன் நிறைந்திருந்தால் அதுவே கொள்ளிக்கட்டை. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலோ, அதைப் பற்றித் தீக்குச்சி வாய் திறவாது.

மூக்கு திறக்குமே, அழுகிய முட்டை நாற்றம் தெரியுமே என்பீர். தெரியும், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே தெரியும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டியதும் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுகிறான் உள்ளே இருப்பவன். 500ஐத் தாண்டினால் மயங்கிச் சாய்கிறான். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் உயிர் போகும். காற்றைவிடக் கனமானது ஆதலால் குழியின் அடியிலேயே தங்கும். அவனைத் தூக்க இறங்குபவனும் அங்கேயே விழுகிறான். "விதி முடிந்தது" என்கிறார்கள் மேலே நிற்பவர்கள். விதியல்ல, தோழர்களே! அளந்து பார்த்திருக்கக்கூடிய ஓர் எண்.

சுரங்கங்களுக்கு மீண்டும் வருவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மனிதனுக்கு முன்னே மயங்கிவிடும் சிற்றுயிரை உடன் கொண்டு செல்லுங்கள் என்று 1890களில் யோசனை கூறினார் ஜான் ஸ்காட் ஹால்டேன். கூண்டில் கானரிப் பறவை புகுந்தது. அந்தக் கூண்டுகளில் ஒரு வகையைக் கவனியுங்கள்: மயங்கிய பறவையை உயிர்ப்பிக்க, கூண்டின் மேலேயே உயிர்வளி அடைத்த உருளை ஒன்று பொருத்தியிருந்தார்கள். பறவைக்கு உயிர்வளி! 1986இல் பிரிட்டன் அந்தப் பறவைகளுக்கும் ஓய்வு கொடுக்க முடிவு செய்தது. அந்த வேலையை மின்னணுக் கருவி ஏற்றுக்கொண்டது.

அந்தக் கருவி பிறந்த கதை சுவையானது. 1953இல் பிராட்டெய்ன், பார்டீன் இருவரும், ஜெர்மானியத்தின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றுக்கேற்ப மின்னியல்பில் மாறுவதைக் கண்டனர். 1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்துச் செய்யாமா, துத்தநாக ஆக்சைடுப் படலத்தால் வாயுக்களைக் கண்டறிந்து காட்டினார். அதே ஆண்டு டகூச்சி என்பார் வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். சமையல் எரிவாயு கசிந்து வீடுகள் வெடித்துக்கொண்டிருந்த நாடு அது. 1968இல் உணரி கடைக்கு வந்தது.

வெள்ளீயம் என்றால் நாம் அறிந்த பொருள்தான், ஈயம் பூசுகிறோமே, அதுதான். அதன் ஆக்சைடைச் சூடாக்கினால், காற்றிலுள்ள உயிர்வளி அதன்மேல் ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மின்தடை உயர்கிறது. எரியக்கூடிய வாயு வந்தால் அந்த உயிர்வளியோடு வினைபுரிகிறது, எலெக்ட்ரான்கள் விடுதலை பெறுகின்றன, தடை வீழ்கிறது, மணி அடிக்கிறது. குறை ஒன்று உண்டு. எந்த வாயு என்று அதற்கு அவ்வளவாகத் தெரியாது. சாராய ஆவிக்கும் அடிக்கும், சமையல் வாயுவுக்கும் அடிக்கும்.

1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்துப் பெர்சாட், டாட் இருவரும் வழி கண்டனர். வெவ்வேறு உணரிகளைச் சேர்த்து வைத்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் அசையும். அந்த அசைவுகளின் கூட்டுக்கோலமே மணத்தின் அடையாளம். ஆரணித் தறிக்காரருக்கு இதை நான் விளக்கவா வேண்டும்? ஜக்கார்டு அட்டையில் ஒரு துளையைப் பார்த்துக் கரையில் மயிலா மாங்காயா என்று எவர் சொல்வார்? துளைகளெல்லாம் சேர்ந்தல்லவா உருவம்! நம் மூக்கும் அவ்வாறே இயங்குகிறது. மோப்ப உணர்விகளின் பெருங்குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியா இதில் பின்தங்கவில்லை. கல்கத்தாவில் சி-டாக் நிறுவனத்தாரும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தாரும் தேயிலை மணத்தை அறிய மின்மூக்கு அமைத்தனர். கோட்டாவிலும் மணுகூருவிலும் உள்ள கனநீர் ஆலைகளில் அதே ஹைட்ரஜன் சல்பைடு டன் கணக்கில் சுழல்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் செம்பு ஆக்சைடு கலந்த வெள்ளீய ஆக்சைடுப் படலங்களால் இந்தக் காற்றுக்கென்றே உணரிகளை ஆராய்ந்து செய்தனர். அந்தக் காற்று பட்டதும் செம்பு ஆக்சைடு, செம்பு சல்பைடாகி, உலோகம்போல் மின்சாரத்தை ஓடவிடும். எளிமையான, அழகான வேதியியல்.

தேயிலைக்கு மூக்கு உண்டு. அணு ஆலைக்கு மூக்கு உண்டு. பாதாளச் சாக்கடையில் இறங்குபவனுக்கு? சட்டத்தில் உண்டு! 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகளில், தரவேண்டிய கருவிகளின் பட்டியலிலே நான்கு வாயு அளக்கும் கருவியும் ஒன்று. கருவி இருந்தால் ஆளை இறக்கலாம் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டா. இறக்காமலிருக்கவே அந்தச் சட்டம். ஆனால் நடந்தது என்ன? 1993 முதல் சாக்கடையிலும் தொட்டியிலும் மாண்டோர் 900க்கும் மேல் என்று 2021இல் நாடாளுமன்றத்தில் கணக்குக் கூறப்பட்டது. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு; 200க்கும் மேல். பிறப்பால் தொழிலை வகுத்த ஏற்பாடு, எவர் குழிக்குள் இறங்குவது என்பதையும் முன்பே வகுத்துவிட்டது. மாண்டோர் பெயர்ப்பட்டியலுக்குச் சாதி எழுத வேண்டிய தேவையே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது உச்சநீதிமன்றம் 2014இல்; 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. இறந்தபின் தரும் விலை இது. இறவாமலிருக்க வேண்டிய கருவியோ, அதில் மிகச் சிறு பங்குக்கு வாங்கக்கூடியது.

இவற்றை ஒன்பதாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்: "நம்ம ஊர்ல அந்தக் கருவி எத்தனை இருக்கு சார்?" தெரியாது என்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதத் தொடங்கினோம். கருவிகள் எத்தனை, எந்த ஆண்டு வாங்கியவை, கடைசியாகச் சரிபார்த்த நாள் எது, யாரிடம் இருக்கின்றன என்று நான்கு கேள்விகள். பத்து ரூபாய்க் கட்டணம் ஒட்டியாயிற்று. திங்கட்கிழமை அஞ்சலில் சேர்க்கிறோம்.