கடல் கடந்த கல்வியும் காட்கோபரின் இரு பெயர்களும்

காட்கோபர் கிழக்கில், விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி, மாதா இரமாபாய் அம்பேத்கர் நகர், காமராசர் நகர் என்னும் இரண்டு குடியிருப்புகள் அடுத்தடுத்து எழுந்தன. நாள்தோறும் அவ்வழியே செல்லும் நாம், அப்பெயர்கள் அருகருகே அமைந்த பொருத்தத்தை எண்ணிப் பார்த்ததில்லை. அண்மையில் நம் அன்பர் ஒருவரின் மகள், அனைத்துலக உறவுகள் பயிலும் மாணவி, ஒரு பருவம் அயல்நாட்டில் கற்கப் புறப்பட்டாள். அதன்பொருட்டு அவள் அன்னையார் தம் வளையல்களை அடகு வைத்த செய்தி நம் செவிக்கு எட்டியபோதுதான் அப்பெயர்களின் வரலாறு நம் நெஞ்சில் எழுந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் இடம் பெற்றார். உதவித்தொகையின் காலம் முடிவுற்றமையால், 1917இல் ஆய்வு பாதியில் நிற்கத் தாயகம் திரும்ப நேர்ந்தது. வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்களோ போர்க்காலத் தாக்குதலில் கடலுக்கு இரையாயின. எனினும் அவர் உள்ளம் தளர்ந்தாரில்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராய் அமர்ந்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனா அளித்த கடனும் துணைநிற்க, 1920இல் மீண்டும் கப்பலேறினார். இடையே ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பெயரைப் பதிவு செய்துகொண்டார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் இலண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1930இல் அதே இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில், நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக வீற்றிருந்தார். மாணவராய் நடந்த நகரிலேயே தம் மக்களுக்காக வழக்குரைத்தார். கடல் கடந்த கல்வியின் பயன் இதுவன்றோ!

ஆனால் அக்கல்விக்கு விலை கொடுத்தவர் யார்? அவர் அயல்நாடுகளில் பயின்ற ஆண்டுகளில், வறுமையோடு போராடிக் குடும்பத்தைத் தாங்கியவர் இரமாபாய் அம்மையார். பெற்ற மக்கள் ஐவருள் நால்வரைப் பறிகொடுத்த அத்தாய், 1935 மே 27ஆம் நாள் மறைந்தார். பாகிஸ்தான் பிரச்சினை குறித்துத் தாம் எழுதிய நூலை அம்பேத்கர் அவர் நினைவுக்கே உரிமையாக்கினார்.

பெருந்தலைவர் காமராசரோ இளமையிலேயே பள்ளியை விட்டவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் இருந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பிள்ளைகளுக்குப் பகல் உணவும் அளித்தார். தமக்கு வாய்க்காத கல்வியைப் பிறர் பெறச் செய்தவர்கள் இவ்விருவரும். பத்தாம் வகுப்போடு நின்று இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த நமக்கு, அவர்தம் பெருமை நன்கு விளங்குகின்றது.

அயல்நாடு செல்லும் பிள்ளைக்கு மாலை சூட்டுவது நம் வழக்கம்; அது நன்றே. அதனினும் நன்று, ஒரு கல்வி நிதி. ஆயிரம் பேர் ஆளுக்குச் சிறிது ஈந்தால், எந்தப் பிள்ளையும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதில்லை. எந்தத் தாயின் கையும் வெறுங்கையாக வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அந்நிதி தொடங்கப்பெற வேண்டும் என்று சங்கத்து அன்பர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.