பழைய பிக்கப் வாகனங்களின் மின்னேற்றத் தொகுதிப் பழுதறிதல்

மின்னேற்றத் தொகுதி என்பது, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை மின்னேற்றி, விளக்குகள், தீப்பொறித் தொகுதி முதலியவற்றுக்கும் மின்சாரம் வழங்கும் அமைப்பாகும். பேட்டரி, ஆல்டர்னேட்டர், மின்னழுத்தச் சீராக்கி, இவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகியவை இதன் உறுப்புகள். 1960கள் முதல் 1980கள் வரை அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு எஃப் வரிசை, செவ்ரோலே சி/கே வரிசை, டாட்ஜ் டி வரிசை ஆகிய பிக்கப் வாகனங்களில் இத்தொகுதியின் பழுதை அறியும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றில் பேட்டரி தீர்ந்துபோனால் முதலில் பேட்டரியையும், பயனில்லை எனில் ஆல்டர்னேட்டரையும் மாற்றிப் பார்ப்பது பலரின் வழக்கம். பழுதோ பல நேரங்களில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இணைப்புகளில் இருக்கும்.

செயற்பாடு

ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதியில் புலச்சுருள் உள்ளது. கார்பன் தூரிகைகள் வழியாக இச்சுருளுக்குச் செல்லும் சில ஆம்பியர் மின்னோட்டம் காந்தப்புலத்தை உருவாக்க, சுற்றியுள்ள நிலைச்சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் தோன்றுகிறது. அதனை டயோடுகள் நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகின்றன. சீராக்கி புலச்சுருளின் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளியீட்டு மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே தான் உணரும் மின்னழுத்தம் தவறாக இருந்தால், பழுதில்லாத சீராக்கியும் தவறாகவே செயற்படும்.

கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் வேலியண்ட் மகிழுந்தில் ஆல்டர்னேட்டரை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னர் டைனமோவே பொதுவாகப் பயன்பட்டது.

முதல் அளவீடுகள்

எஞ்சினை நிறுத்திச் சில மணிநேரம் கழித்துப் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரால் அளக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் இருப்பின் பேட்டரி நிறைந்துள்ளது, 12.2 வோல்ட் எனில் பாதியளவே உள்ளது. எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். எஞ்சின் ஓடியும் அளவு உயராவிடில் மின்னேற்றம் நடைபெறவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் மிகை மின்னேற்றமாகும். பேட்டரியின் நீர் வற்றும், விளக்குகள் விரைவில் எரிந்துபோகும். தீர்ந்துபோன பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரைச் சோதித்தால் முடிவு குழப்பமாகவே வரும். முதலில் அதனை வெளி மின்னேற்றியால் நிரப்ப வேண்டும். பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுதல் நலம்.

மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை

பழைய வாகனத்தில் மிகுந்த பயன் தருவது இச்சோதனையே. பெரும்பாலும் செய்யாமல் விடப்படுவதும் இதுவே. எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்குகளையும் காற்றாடியையும் இயக்கி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும் மற்றதைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் தேவையற்ற மின்தடை உள்ளது. பின்னர் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். இங்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் இருத்தலாகாது.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பியின் மின்தடையை மட்டும் அளப்பது போதாது. துருப்பிடித்த இணைப்பொன்றின் மின்தடை 0.05 ஓம் எனக் கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் இது ஏறத்தாழச் சுழியமாகவே தெரியும். ஆனால் 40 ஆம்பியர் பாயும்போது அதில் 2 வோல்ட் இழக்கப்பட்டு, 80 வாட் வெப்பம் அச்சிறு இடத்தில் வெளிப்படும். நெகிழியை உருக்க அது போதும்.

தயாரிப்புவாரியான வேறுபாடுகள்

1970களின் டாட்ஜ் பிக்கப்களில் ஆல்டர்னேட்டரின் மின்னோட்டம், எஞ்சின் அறைத் தடுப்புச் சுவரிலுள்ள பல்முனை இணைப்பான் வழியாக ஓட்டுநர் முன்னுள்ள அம்மீட்டருக்குச் சென்று, மீண்டும் அதே இணைப்பான் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. காலப்போக்கில் அங்குள்ள தட்டை முனைகள் துருவேறிச் சூடாகி, இணைப்பான் உருகித் தீப்பிடித்தலும் நேரலாம். அம்மீட்டரின் பின்புறத் திருகு தளர்ந்தாலும் இதே ஆபத்து உண்டு. எனவே இவ்வாகனங்களில் இணைப்பானைக் கழற்றிப் பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். உருகு கம்பிப் பாதுகாப்புடன் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேரடியாகத் தடித்த கம்பி இட்டு, அம்மீட்டருக்குப் பதிலாக வோல்ட்மீட்டர் பொருத்துவது பலர் கையாளும் தீர்வு.

டாட்ஜின் மின்னணுச் சீராக்கி தன் உலோக உடல் வழியாகவே எர்த் இணைப்பைப் பெறுகிறது. அதன் அடியில் துருவோ வண்ணப்பூச்சோ இருந்தால், உண்மையைவிடக் குறைந்த மின்னழுத்தத்தை அது உணர்ந்து மிகை மின்னேற்றம் செய்யும். சாவி வழியாக வரும் கம்பியில் வீழ்ச்சி ஏற்பட்டாலும் விளைவு இதுவே. இங்குச் சீராக்கியை மாற்றுவதால் பயனில்லை.

செவ்ரோலே பிக்கப்களில் 1973 முதல், சீராக்கியை உள்ளேயே கொண்ட டெல்கோ 10எஸ்ஐ வகை ஆல்டர்னேட்டர் பயன்பட்டது. இதற்குத் தொடக்கப் புலமின்னோட்டம் எச்சரிக்கை விளக்கின் வழியாகவே கிடைக்கிறது. விளக்கு எரிந்துபோயிருந்தால் எஞ்சினை நன்கு முடுக்கும் வரை மின்னேற்றம் தொடங்காமற் போகலாம். சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் இயங்குமுன், அவ்விளக்கு ஒளிர்கிறதா எனப் பார்த்தாலே ஒரு ஆல்டர்னேட்டரின் விலை மிஞ்சக்கூடும்.

சீராக்கியைத் தவிர்த்துப் புலச்சுருளுக்கு முழு மின்னோட்டம் அளிப்பது பழுதைப் பிரித்தறிய உதவும். சீராக்கி தனியாக உள்ள ஃபோர்டு வாகனங்களில் அதன் செருகியைக் கழற்றி, செருகியிலுள்ள ஏ, எஃப் முனைகளைச் சிறு கம்பியால் இணைப்பர். மின்னழுத்தம் உயர்ந்தால் ஆல்டர்னேட்டர் நன்று. பழுது சீராக்கியிலோ அதன் கம்பிகளிலோ உள்ளது. உயராவிடில் தூரிகைகளையும் சுருள்களையும் நோக்க வேண்டும். மின்னழுத்தம் கட்டின்றி ஏறுமாதலால் இதனைச் சில நொடிகளுக்கு மேல் செய்யலாகாது.

தவிர்க்க வேண்டியவை

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா எனப் பார்ப்பது டைனமோ காலத்திலிருந்து தொடரும் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வாகனத்தில் இது கேடானது. பேட்டரி விலகியதும் மின்னழுத்தம் திடீரெனப் பன்மடங்கு உயர்ந்து டயோடுகளையும் மின்னணுச் சீராக்கியையும் அழிக்கக்கூடும். மின்னேறும் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன், கம்பி கழலும் பொறியில் வெடிக்கவும் கூடும்.

இரவில் தீரும் பேட்டரி

மின்னேற்றம் சரியாக நடந்தும் காலையில் பேட்டரி தீர்ந்திருந்தால், எல்லாவற்றையும் அணைத்தபின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை இணைத்துக் கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் உருகிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். எல்லா உருகிகளையும் எடுத்த பின்னும் கசிவு குறையாவிடில், ஆல்டர்னேட்டரின் வெளியீட்டுக் கம்பியைக் கழற்றி, அதனைக் காப்பிட்டுவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். அப்போது கசிவு நின்றால் டயோடு பழுதாகியுள்ளது.