மல்யுத்தம்: பொய்யா, விளையாட்டா, கலையா?

போன வாரம் வணிகச் சட்ட வகுப்பில் ஒரு காமெடி நடந்தது. ஊழியர் யார், தனி ஒப்பந்தக்காரர் யார் என்று சார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் முதலாளியே தீர்மானித்தால் செய்பவர் ஊழியர். வேலையை ஒப்படைத்துவிட்டு, எப்படியோ முடித்துக் கொடு என்று ஒதுங்கிக்கொண்டால் அவர் ஒப்பந்தக்காரர். "குழப்பமான உதாரணம் ஒண்ணு சொல்லுங்கப்பா" என்றார். நான் எழுந்து "அண்டர்டேக்கர் சார்" என்றேன்.

"யாருப்பா அது? சுடுகாட்டு கான்ட்ராக்டரா?" என்றார் சார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து வழக்கமான அந்தக் குரலும் வந்தது: "மச்சி, அதெல்லாம் ஃபேக்டா. எழுதி வெச்சு அடிச்சுக்குறானுங்க."

இந்த வசனத்தை நான் டிரம்ப் கார்டு விளையாடிய வயதிலிருந்து கேட்டு வருகிறேன். (உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஜெயித்த ஃபைட்... ஞாபகம் இருக்கிறதா?) வீட்டில் அப்பா இதையேதான் சொல்வார். தாத்தா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். தாராசிங், கிங்காங் சண்டைகளைப் பற்றிப் பேப்பரில் படித்து வளர்ந்தவர் அவர். "இப்ப இருக்கறவனுங்க வேணா நடிக்கலாம், தாராசிங் நடிப்பானாடா?" என்று கோபித்துக்கொள்வார்.

அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு நூறு வருடக் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரிய பதிவுதான், டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

நிஜமாக மோதிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிகள் இருந்தன. ராட்டினம், வித்தை, மிருகங்களோடு ஒரு பயில்வான் கூடாரமும் இருக்கும். "எங்கள் ஆளோடு இத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தால் பரிசு" என்று உள்ளூர் இளைஞர்களை உசுப்பேற்றுவார்கள். கூட்டத்தில் இருந்து எழுந்து வரும் ஆள் சில நேரம் அவர்கள் செட் பண்ணி வைத்த ஆளாகவே இருப்பான். ரகசியத்தை வெளியாரிடம் காட்டாமல் காப்பாற்றும் அந்த வழக்கத்துக்குப் பின்னாளில் நிலைத்த பெயர் 'கேஃபேப்'. கோதாவுக்கு வெளியிலும் வேஷம் கலையக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அதே காலத்தில் பெரிய போட்டிகளும் நடந்தன. 1908 ஏப்ரலில் சிகாகோவில் அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச், 'ரஷ்யச் சிங்கம்' என்று பெயர் வாங்கிய ஹாக்கன்ஷ்மிட் இருவரும் மோதினார்கள். சண்டை இரண்டு மணி நேரம் இழுத்தது. ஹாக்கன்ஷ்மிட் "போதும்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் முடிந்தது. இரண்டு மணி நேரமும் பெரும்பாலும் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கேதான் வணிகம் உள்ளே வருகிறது. நிஜக் குஸ்தி பார்க்க போர் அடிக்கும். எப்போது முடியும் என்றும் தெரியாது. டிக்கெட் விற்பவனுக்கு இரண்டுமே நஷ்டம். 1920களில் எட் லூயிஸ் என்ற சாம்பியன், பில்லி சாண்டோ என்ற மேனேஜர், டூட்ஸ் மாண்ட் என்ற மூளைக்காரர் மூவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். குஸ்தியோடு குத்துச்சண்டையையும் தெருச்சண்டையையும் கலந்தார்கள். நேர வரம்பு வைத்தார்கள். பயில்வான்களை மொத்தமாகச் சம்பளத்துக்கு எடுத்து, ஊர் ஊராக ஒரே குழுவாக அனுப்பினார்கள். இந்த ஊரில் ஆரம்பித்த பகை அடுத்த முறை வரும்போது தொடரும். அதாவது, தொடர்கதை பிறந்துவிட்டது.

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது டிவி வந்த பிறகு நுழைந்த ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். தாராசிங் கோதாவில் இறங்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்தத் தொழில் இப்படித்தான் இருந்தது. (தாத்தா, மன்னிக்கவும்.)

வில்லனாக வாழ்ந்தவர்கள்

1940களின் கடைசியில் அமெரிக்க வீடுகளில் டிவி நுழைந்தபோது ஜார்ஜ் வாக்னர் என்ற நடுத்தரமான பயில்வான் ஒருவர் புரட்சி செய்தார். தலைமுடியைச் சுருட்டிப் பொன்னிறமாக்கினார், ஜிகுஜிகு அங்கி போட்டார், தனக்கென்று ஒரு நுழைவு இசை வைத்துக்கொண்டார். அவர் கோதாவில் கால் வைக்கும் முன் உதவியாளர் வந்து சென்ட் அடிப்பார். பெயர் 'கார்ஜியஸ் ஜார்ஜ்'. அவர் தோற்பதைப் பார்ப்பதற்காகவே கூட்டம் காசு கொடுத்தது. 1961ல் லாஸ் வேகாஸில் அவரைப் பார்த்த பத்தொன்பது வயது குத்துச்சண்டை வீரர் ஒருவர், வாயால் வம்பு இழுத்தால் அரங்கு நிறையும் என்று கற்றுக்கொண்டார். அந்தப் பையன்தான் பிறகு முகமது அலி. ஜார்ஜ் 1963ல், 48 வயதில், கையில் காசில்லாமல் செத்தார். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

மெக்சிகோவின் எல் சாந்தோ இன்னொரு ரகம். 1942ல் வெள்ளி முகமூடியோடு இறங்கியவர், நாற்பது வருடம் பொது இடத்தில் அதைக் கழற்றவில்லை. 1984 ஜனவரியில் ஒரு டிவி நிகழ்ச்சியில் முகத்தைக் கொஞ்சமாகக் காட்டினார். பிப்ரவரி 5ல் இறந்தார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். ஒரு வேஷத்துக்கு வாழ்நாளையே கொடுத்தவரை 'ஃபேக்' என்று எப்படிச் சொல்வது?

அந்த நாட்டுக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 2018ல் மெக்சிகோ நகர அரசு தங்கள் மல்யுத்தமான 'லுச்சா லிப்ரே'வை நகரத்தின் கலாசாரப் பாரம்பரியமாக அறிவித்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957ல் வெளிவந்த தன் 'மித்தாலஜீஸ்' புத்தகத்தை மல்யுத்தம் பற்றிய கட்டுரையோடுதான் ஆரம்பிக்கிறார். அவர் சொல்வதைச் சுருக்கினால்: இது விளையாட்டே இல்லை, காட்சி. யார் ஜெயிப்பார் என்பது முன்பே தீர்மானமானதா என்று ரசிகன் கவலைப்படுவதில்லை. வலி, தோல்வி, நியாயம் எல்லாம் கடைசி வரிசை ஆளுக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நாடகம் இல்லை, அதற்கும் மேலே

சரி, கலை என்றே வைத்துக்கொள்வோம். எந்த வகைக் கலை? நாடகம் என்று சொல்லிவிடலாமா? முடியாது என்பது என் கட்சி. நாடகத்தில் கர்ணன் செத்தால் நடிகர் எழுந்து போய் டீ குடிப்பார். இங்கே 'விழுவது' போல நடிக்க வழியில்லை. விழத்தான் வேண்டும்.

மேலைநாட்டு ஓவியக் கூடங்களில் 'பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்' என்று ஒரு வகை உண்டு. கலைஞரின் உடம்பே அங்கே கச்சாப்பொருள். 1971ல் கிறிஸ் பர்டன் என்ற அமெரிக்கர் ஒரு காட்சிக்கூடத்தில் நண்பரை விட்டுத் தன் கையில் துப்பாக்கியால் சுடச் சொன்னார். 1974ல் மரினா அப்ரமோவிச் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 72 பொருட்களை மேஜையில் பரப்பி, என்னை எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆறு மணி நேரம் நின்றார். அந்தப் பொருட்களில் குண்டோடு ஒரு துப்பாக்கியும் இருந்தது. இதையெல்லாம் கலை என்று பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள்.

இப்போது 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். சுமார் 16 அடி உயரக் கம்பிக்கூண்டின் மேலிருந்து மிக் ஃபோலியைத் தூக்கி எறிகிறார் நம் அண்டர்டேக்கர். கீழே இருந்த வர்ணனையாளர் மேஜை நொறுங்குகிறது. ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகும்போது ஃபோலி இறங்கித் திரும்பவும் மேலே ஏறுகிறார். இந்த முறை கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுகிறார். அந்த இரண்டாவது விழுதல் திட்டத்திலேயே இல்லை. அவருடைய பல் ஒன்று உடைந்து மூக்குக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. பர்டனின் கையில் பட்ட குண்டு கலை என்றால், ஃபோலியின் மூக்கில் சிக்கிய பல்லுக்கு என்ன பெயர்?

இரண்டு உலகத்துக்கும் பாலம் போட்டவர் ஆண்டி காஃப்மன் என்ற நகைச்சுவைக் கலைஞர். பெண்களோடு குஸ்தி போட்டு, என்னை வீழ்த்தினால் ஆயிரம் டாலர் என்று சவால் விட்டு ஊரையே வெறுப்பேற்றினார். 1982 ஏப்ரலில் மெம்ஃபிஸில் ஜெர்ரி லாலர் என்ற நிஜப் பயில்வான் அவரைத் தலைகீழாகத் தரையில் இடித்தார். காஃப்மன் கழுத்துப்பட்டையோடு அலைந்தார். ஜூலையில் டேவிட் லெட்டர்மன் டிவி நிகழ்ச்சியில் லாலர் அவரை நேரலை போலவே பளார் என்று அறைந்தார். எல்லாம் இருவரும் பேசி வைத்துச் செய்தது. காஃப்மன் 1984ல் இறந்தார். ரகசியம் வெளிவர அதன்பிறகும் பல வருடங்கள் ஆயின. கேஃபேப் என்பது எவ்வளவு பெரிய கலைக்கருவி என்று அவருக்குப் புரிந்திருந்தது.

எது நிஜம், எது வேஷம் என்ற கோட்டின் மேலேயே நடப்பதுதான் இந்தக் கலை. அந்தக் கோடு ஆளையும் கொல்லும். 1999 மே 23, கன்சாஸ் நகரம். ஓவன் ஹார்ட் என்ற 34 வயது வீரர் அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டும். கொக்கி விட்டுப்போனது. 78 அடி உயரத்திலிருந்து விழுந்தார். அரங்கில் இருந்தவர்கள் பலர் இதுவும் ஷோவில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். டிவி வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஓவன் இறந்துபோனார். அன்றைய ஷோ நிறுத்தப்படவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து 'ஃபேக்' என்ற வார்த்தையை என்னால் சிரித்துக்கொண்டு கேட்க முடிவதில்லை.

இனி கணக்குப் பாடம்

'கலையா விளையாட்டா' என்ற கேள்வி வெறும் பட்டிமன்றத் தலைப்பு என்று நினைத்தால் தப்பு. அதில் காசு இருக்கிறது.

1989 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தது. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு வாரியத்தின் கட்டுப்பாடு, உரிமம், டிவி வருமானத்துக்கு வரி எல்லாம் உண்டு. அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே முன்வந்து, இது நிஜப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று சொன்னது. எழுபது, எண்பது வருடம் பயில்வான்கள் உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியத்தை நிறுவனமே செலவு மிச்சம் பிடிக்கப் போட்டுடைத்தது. இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்பு, 1987ல், கோதாவில் பரம எதிரிகளான அயர்ன் ஷேக்கும் ஜிம் டக்கனும் ஒரே காரில் போய் அதே நியூ ஜெர்சியில் போலீஸில் மாட்டியபோது நிறுவனம் ஆடிப்போனது. போதைப்பொருள் வழக்கு ஒரு பக்கம், 'எதிரிகள் எப்படி ஒரே காரில்?' என்பது இன்னொரு பக்கம்!

சரி, பொழுதுபோக்கு என்றால் நடிகர்களைப் போலச் சங்கம், காப்பீடு, ஓய்வூதியம் இருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. 1986ல் ஜெஸ்ஸி வென்ச்சுரா (பிற்பாடு மின்னசோட்டா ஆளுநர் ஆனவர்) சங்கம் அமைக்கலாம் என்று பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. டபிள்யூ.டபிள்யூ.ஈ. தன் வீரர்களை இன்றும் தனி ஒப்பந்தக்காரர்கள் என்றே கணக்கில் வைக்கிறது. கோதாவில் படும் காயத்துக்கு நிறுவனம் செலவு செய்கிறது. மற்ற உடல்நலக் காப்பீட்டை வீரர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். யார் ஜெயிக்க வேண்டும், எத்தனை நிமிடம், என்ன வேஷம், என்ன வசனம் எல்லாம் நிறுவனம் சொல்லும். ஆனாலும் ஊழியர் இல்லையாம்! சார் கேட்ட குழப்பமான உதாரணம் இதைவிட வேறு இருக்கிறதா?

2023ல் நிஜமாக அடித்துக்கொள்ளும் யு.எஃப்.சி.யும், டபிள்யூ.டபிள்யூ.ஈ.யும் டி.கே.ஓ. என்ற ஒரே குழுமத்தின் கீழ் வந்தன. 2024ல் நெட்ஃபிளிக்ஸோடு பத்து வருடத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். 2025ல் கதை எழுதுபவர்கள் உட்கார்ந்து பேசும் அறையையே தொடராக எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஆக, 'எழுதி வெச்சு அடிச்சுக்குறானுங்க' என்பது இன்று யாருக்கும் ரகசியம் இல்லை நண்பா, அதுவே ஒரு வியாபாரம்.

ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் மட்டமான சரக்கு ஏராளம். அரபு, ஈரான், ஜப்பான் என்றாலே வில்லன் என்று பல வருடம் ஓட்டினார்கள். பெண்களை நடத்திய விதமும் கேவலம். உண்மைதான். ஆனால் மட்டமான சினிமா வருவதால் சினிமா கலை இல்லை என்று நாம் சொல்வதில்லையே.

என் தீர்ப்பு இதுதான். தொழில்முறை மல்யுத்தம் உடம்பை வைத்துச் செய்யும் கலை. 'விளையாட்டு இல்லை' என்று சொல்லி வாரியத்திடமிருந்து தப்பித்தவர்கள், 'கலை' என்று முழுதாகச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சொன்னால் கலைஞருக்கு உரியதைக் கொடுக்க வேண்டி வரும். நாம் 'ஃபேக்' என்று சிரிக்கும்போது அந்தப் பக்கக் கணக்கைத்தான் நேர் செய்து கொடுக்கிறோம். பொய்ச் சண்டைக்கு எதற்கப்பா காப்பீடு?

வகுப்பு முடிந்ததும் சார் கூப்பிட்டு, "அந்த ஆள் எத்தனை வருஷம் வேலை பார்த்தாருப்பா?" என்று கேட்டார். 1990லிருந்து 2020 வரை சார், முப்பது வருஷம், ஒரே நிறுவனத்துக்கு என்றேன். "முப்பது வருஷமா?" என்று ஒரு நிமிடம் யோசித்தார். "அடுத்த வாரம் அதையே கேஸ் ஸ்டடியா எழுதிட்டு வா" என்றார்.

டிஸ்கி: தாத்தா இந்தப் பதிவைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதியது. யாரும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.